வெளியே தெரிகிற காது மிஷின்

எங்கள் சலூனில் இரண்டு நாற்காலிகள். வாசல் பக்கம் இருப்பது மாமாவுடையது, உள்ளே இருப்பது என்னுடையது. மாமா என்றால் என் அக்காவின் கணவர். பத்தொன்பது வருடமாக இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, ஊரார் தலையைப் பார்த்தே காலம் தள்ளியிருக்கிறோம். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது, எனக்கு நாற்பத்து மூன்று.

மாமாவைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். சலூன் வைத்திருப்பவனுக்கு அது தொழில் கருவிகளில் ஒன்று என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன். மாமாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று வாடிக்கைக்காரர்களுக்குப் புரிந்தபோது, அவருக்கு ‘டமாரம்’ என்று பெயர் வைத்தவன் நான்தான். அவருக்குத் தெரியாமல் வைத்தேன், அவருக்குத் தெரியாமலே அது கடை முழுக்கப் பரவியது. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மாமா அதிகம் பேசாதவர். வேலையில் அவரைக் குறை சொல்ல ஆள் கிடையாது. கத்தரியை மூடும்போது கூட மெதுவாக மூடுவார். உட்கார்ந்திருப்பவரின் தலையைத் திருப்ப வேண்டுமென்றால் இரண்டே விரல். அதுவும் வைத்தது தெரியாது. குழந்தைகள் என் நாற்காலியில் ஏறினால் ஊரைக் கூட்டும், அவர் நாற்காலியில் ஏறினால் தூங்கிவிடும். டீக்குச் சர்க்கரை போட்டுவிட்டால் மட்டும் கோபம் வரும். அதையும் சொல்ல மாட்டார், டம்ளரை அப்படியே திண்டில் வைத்துவிட்டு வந்துவிடுவார்.

காது போனது ஒரே நாளில் நடந்ததல்ல, பதினோரு வருடத்துக்கு முன்னால் தொடங்கியது. முதலில் டெலிபோன் போனது. மணி அடிப்பது கேட்கும், மறுமுனையில் பேசுவது பிடிபடாது. பேசாமல் என் கையில் கொடுத்துவிடுவார். பிறகு குழாயை மூடாமல் வந்துவிடுவது, பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பாமல் இருப்பது. அக்காவின் குரல் வருடத்துக்கு வருடம் ஏறிக்கொண்டே போய், அவர்கள் வீட்டில் அன்றைக்கு என்ன சமையல் என்பது மூன்றாம் மாடி வரைக்கும் தெரியும் என்ற நிலைக்கு வந்தது. டெஸ்ட் எடுக்கலாம் என்று யார் சொன்னாலும் மாமா கையை ஆட்டிவிடுவார். “எனக்கு வேண்டியது கேக்குது” என்பார்.

கடையில் நான் ஒரு ஏற்பாடு செய்தேன். வாடிக்கைக்காரர் சொல்வதை நான் கேட்டு, சீப்பைக் கையில் வைத்து மாமாவுக்குச் சாடை காட்டுவேன். சீப்பை நிமிர்த்திப் பிடித்தால் ஒட்ட வெட்ட வேண்டும். படுக்கப் போட்டால் லேசாக எடுத்தால் போதும். கன்னத்தில் வைத்தால் ஷேவிங். மாமா கண்ணாடியில் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டுவார், வேலை நடக்கும். நான் இல்லாவிட்டால் இந்த மனுஷன் பிழைப்பு என்னாவது என்று உள்ளுக்குள் எனக்குப் பெருமை வேறு.

அந்தப் பெருமையோடு சேர்த்துத்தான் மற்றதையும் செய்தேன். கடையில் ஒருவர் ஜோக் சொல்லி எல்லோரும் சிரித்தால், மாமா ஒரு நொடி கழித்துச் சிரிப்பார். அதைப் போலவே நான் சிரித்துக் காட்டுவேன். என் நாற்காலிக்காரர் தோள் குலுங்கக் குலுங்கச் சிரிப்பார். “நம்ம டமாரத்துக்கு ரேடியோ ஸ்டேஷன் இப்பத்தான் கிடைச்சிருக்கு” என்பேன். வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுத் திரும்பி, எதுவும் நடக்காதது போல் மாமாவிடம் பவுடர் டப்பாவை வாங்கிக்கொள்வேன்.

இப்படியே போய்க்கொண்டிருந்திருக்கும். ஒரு சனிக்கிழமை கூரியர் ஆபீஸ் மேனேஜர் வந்து மாமாவின் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எதிரே டீ வாங்கப் போயிருந்தேன். பின்கழுத்தில் வேலை நடக்கும்போது தாடையை நெஞ்சில் ஒட்டிக் குனிந்துகொண்டு, “அங்க ஒரு கட்டி இருக்கு, பாத்துங்க” என்று அவர் சொல்லியிருக்கிறார். மாமா முடி வெட்டும் மெஷினை அதன் மேல் ஏற்றிவிட்டார். நான் உள்ளே நுழையும்போது வெள்ளைத் துணியில் ரத்தம். மேனேஜர் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தார். “சொல்லிட்டுத்தானே இருக்கேன், காது என்ன அடைச்சா கிடக்கு?”

காயம் சின்னதுதான். மாமா பஞ்சை வைத்து அழுத்தி, படிகாரம் தடவி, துடைத்து அனுப்பிவைத்தார். பிறகு துணியை ஆணியில் மாட்டிவிட்டு, வாடிக்கைக்காரர்கள் காத்திருக்கும் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். மதியம் முழுக்க அங்கேயே இருந்தார். கடை சாத்தும்போது என்னிடம், “நாளைலேருந்து நீயே பாத்துக்க மாப்ளே. என் கை ஒருத்தர் ரத்தத்தப் பாத்தது போதும்” என்றார்.

அக்கா விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். “காது பாக்குற இடத்துக்கு இவரக் கூட்டிட்டுப் போ. வேலையில்லாம வீட்டுல உக்கார வச்சா ஆறு மாசத்துல படுத்துடுவார். நீ கூட்டிட்டுப் போகலன்னா இனிமே என் வீட்டு வாசப்படி மிதிக்காத.” பழக்க தோஷத்தில் இதையும் மூன்றாம் மாடிக்குக் கேட்கும்படிதான் சொன்னாள்.

சரி என்றேன். ஆனால் எனக்கு வேறொரு பயம். மாமாவுக்குக் காது கேட்க ஆரம்பித்துவிட்டால், முதல் நாளே எவனாவது ஒருத்தன் ‘டமாரம்’ என்பான். யார் வைத்த பேர் என்று விசாரித்தால் எல்லா விரலும் என் பக்கம் நீளும். அக்காவுக்குத் தெரிந்தால் அதோடு முடிந்தது உறவு. ஒளிக்காமல் சொல்கிறேன், பஸ்ஸில் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது, ‘இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லி அனுப்பிவிடட்டும்’ என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். ஒரு மனுஷனின் பிழைப்பு தொங்கிக்கொண்டிருக்கும்போது எனக்கு என் மானம்தான் பெரிதாகத் தெரிந்தது.

காதுப் பரிசோதனை செய்கிற மேடத்துக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். அவசரமே இல்லாத ஆள். முதலில் மாமாவைத் தடித்த கதவு போட்ட ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்தார். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். மாமா பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். கட்டைவிரல் பல நேரம் சும்மாவே இருந்தது. வெளியே வந்ததும் மேடம் ஒரு தாளைக் காட்டினார். அதில் சிவப்பில் ஒரு கோடும் நீலத்தில் ஒரு கோடும் இடது பக்கம் மேலே தொடங்கி, வலது பக்கம் போகப்போகச் சரிந்து அடியில் விழுந்திருந்தன.

“கனமான சத்தம் ஓரளவுக்குக் கேக்குது. மெல்லிசான சத்தம் போயிடுச்சு. யாரோ பேசறாங்கன்னு தெரியும், என்ன பேசறாங்கன்னு தெரியாது. ரெண்டு காதும் ஒரே மாதிரி” என்றார்.

அடுத்து வார்த்தைப் பரிசோதனை. மேஜைக்கு எதிரில் மாமாவை உட்காரவைத்து, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார். மாமா திருப்பிச் சொல்ல வேண்டும். சாவி, தபால், கடல், சட்டை. மாமா ஒன்று விடாமல் சொன்னார். மேடம் அந்தத் தாளை ஒரு முறையும் மாமாவை ஒரு முறையும் பார்த்தார். பிறகு தாளை எடுத்துத் தன் வாயை மறைத்துக்கொண்டு இன்னும் பத்து வார்த்தை சொன்னார். மாமாவால் மூன்றுதான் சொல்ல முடிந்தது.

மேடம் சிரித்தார். நாற்காலியோடு முழுதாகத் திரும்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து, மறுபடி பத்து வார்த்தை சொன்னார். மாமா ஒன்பது சொல்லிவிட்டார். மேடத்துக்கு ஒன்றும் புரியவில்லை. எழுந்து அறையைச் சுற்றிப் பார்த்தார். சுவரோரம் ஃபைல்கள் அடுக்கிய ஓர் அலமாரி, அதற்குக் கண்ணாடிக் கதவு. அதில் அவர் முகம் தெரிந்தது. தோளில் இருந்த துப்பட்டாவை எடுத்து அந்தக் கதவின் மேல் போட்டுவிட்டுத் திரும்பச் சொன்னார். மறுபடி மூன்று.

“இவர் காதால கேக்கல சார், வாயப் பாத்துக் கேக்குறார்” என்று என்னிடம் சொன்னார். “வாய் பாத்துப் பேச்சப் புடிக்கிறவங்க நிறையப் பேர் உண்டு. ஆனா கண்ணாடியில பாத்து இப்படிப் புடிக்கிறவர நான் பாத்ததில்ல. என்ன வேலை பண்றார்?”

“சலூன்” என்றேன்.

எங்கள் கடையில் முன்சுவர் முழுக்கக் கண்ணாடி. பின்சுவரில், பெஞ்சுக்கு மேலே இன்னொரு கண்ணாடி. வாடிக்கைக்காரர்கள் தங்கள் பின்மண்டையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று அதை மாட்டியவன் நான். அந்தக் கடைக்குள் யாரும் யாருக்கும் முதுகைக் காட்ட முடியாது. எத்தனையோ வருடமாக அதற்குள் நின்று வேலை பார்ப்பவனுக்கு, கண்ணாடி என்று ஒன்று இருப்பதே மறந்துபோய்விடுகிறது. நான் மாமாவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாடிக்கைக்காரர் காதில் சொன்னது, சிரித்துக் காட்டியது, உதட்டைச் சுழித்தது எல்லாமே முன்னும் பின்னுமாக அவருக்குப் படம் ஓடியிருக்கிறது. என் சீப்புச் சாடையும் அவருக்குத் தேவைப்பட்டதே இல்லை. நான் காட்டுகிறேனே என்று தலையை ஆட்டியிருக்கிறார். குனிந்த தலையின் வாய் எந்தக் கண்ணாடியிலும் தெரியாது, அதனால்தான் மேனேஜரின் கட்டி அவருக்குத் தப்பிவிட்டது.

மாமா அப்போது என்னைப் பார்க்கவில்லை. மேஜை மேல் மேடம் எடுத்துவைத்த இரண்டு பெட்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்றில் இருந்த மிஷின் நிலக்கடலைப் பருப்பு அளவுதான். காதுக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும், வெளியே தெரியாது. இன்னொன்று காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்வது. மெல்லிய குழாய் ஒன்று வளைந்து காதுக்குள் இறங்கும், பார்க்கிறவர்களுக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் ஒரு வாரம் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யச் சொன்னார் மேடம். மாமா ஒன்றுதான் கேட்டார். “ஒரு காதுக்கு மட்டும் போட்டாப் பத்தாதா?”

“கண்ணாடி போட்டா ஒரு கண்ணுக்கு மட்டுமா போடுவீங்க?” என்றார் மேடம்.

முதல் வாரம் சின்னது. மறைவாக இருக்கிறது என்று அக்காவுக்கு ஒரே சந்தோஷம். மாமா மறுபடி நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். கத்தரியை எடுத்து முதல் வெட்டு வெட்டியவுடன் கையை நிறுத்திவிட்டு அதையே உற்றுப் பார்த்தார். “இது இவ்வளவு சத்தமாவா போடுது?” என்றார். என்னுடைய செருப்பு தேய்கிற சத்தம், ஃபேனில் ஏதோ ஆடுகிற சத்தம், பேப்பர் புரட்டுகிற சத்தம் என்று ஒவ்வொன்றுக்கும் திரும்பிப் பார்த்தார். வீட்டில் அக்கா “சாப்பிட வாங்க” என்று வழக்கம்போலக் கூப்பிட, மனுஷன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு எழுந்துவிட்டாராம். அக்காவுக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் அழுகை. மெதுவாகப் பேச அவளுக்கு மறந்தே போயிருந்தது.

ஆனால் அந்தச் சின்ன மிஷின் மாமாவின் காதுக்குப் போதவில்லை. பக்கத்தில் பேசினால் கேட்டது, பெஞ்சிலிருந்து பேசினால் கேட்கவில்லை. நான்காம் நாள் வெட்டிய முடித்தூளும் பவுடரும் போய் அடைத்துக்கொண்டு விசில் அடிக்க ஆரம்பித்தது. இரண்டாம் வாரம் பெரியது. மாமாவின் மூக்குக்கண்ணாடிக் கம்பியோடு அது இரண்டு நாள் சண்டை போட்டது. பிறகு சமாதானமாகிவிட்டது. பெஞ்சில் இருப்பவர்கள் பேசிக்கொள்வதை மாமா அவர்களைப் பார்க்காமலே கேட்டார்.

அந்த இரண்டு வாரமும் நான் வாயைத் திறக்கவில்லை. யார் என் நாற்காலியில் உட்கார்ந்தாலும் “ஒட்டவா, லேசாவா” என்பதோடு சரி. “என்னப்பா, பல்லு வலியா?” என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். வாடிக்கைக்காரர்களும் மாமாவின் காதுக்குப் பின்னால் இருந்ததைப் பார்த்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். மாமா என்னிடம் எப்போதும் போலத்தான் இருந்தார். பவுடர் டப்பாவைக் கேட்டால் கொடுத்தார், டீ வந்தால் என் டம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அது எனக்குத் திட்டு வாங்குவதைவிடக் கஷ்டமாக இருந்தது.

முடிவு செய்கிற நாளில் அக்காவும் கூட வந்தாள். “சின்னதே எடுத்துக்கலாம். முடி விழாம ஏதாவது மூடி போட்டுக்கலாம். இது காதுல தொங்கறதப் பாத்தா நாலு பேர் நாலு விதமாப் பேசுவாங்க” என்றாள்.

“ஆமாம் மாமா, சின்னதே நல்லாருக்கு” என்று நானும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை. அவருக்குக் குறைவாகக் கேட்பதுதான் எனக்கு நல்லது என்று உள்ளே எங்கேயோ இன்னும் ஓர் ஓரத்தில் இருந்திருக்கிறது. இப்போது நினைத்தாலும் அவமானமாக இருக்கிறது.

மேடம் இரண்டையும் மறுபடி விளக்கினார். மாமா கடைசி வரை கேட்டுவிட்டு, பெரியதைத் தொட்டுக் காட்டினார். “இது போதும்மா. சின்னது எனக்கு வேணாம்.”

“நல்லாக் கேக்குதுங்கறதாலயா?” என்றார் மேடம்.

“அது ஒண்ணு. இன்னொண்ணும் இருக்கு. மிஷின் இருக்கறது வெளிய தெரியாம நான் கேட்டுக்கிட்டு நின்னா, அது ஒட்டுக் கேக்கற மாதிரி. இவனுக்குக் கேக்குதுன்னு எல்லாருக்கும் தெரியணும். தெரிஞ்சப்புறம் அவங்க என்ன வேணும்னாலும் பேசிக்கட்டும்” என்றார் மாமா. பிறகு, “பதினோரு வருஷம் ஒளிஞ்சு நின்னு பாத்தது போதும்” என்றார்.

அக்காவுக்கு இது விளங்கவில்லை. எனக்கு மட்டும் விளங்கியது.

அக்கா உள்ளே காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தபோது நாங்கள் வெளியே படிக்கட்டுக்குப் பக்கத்தில் நின்றோம். இதற்கு மேல் தாங்காது என்று நானே கேட்டேன். “எல்லாம் தெரிஞ்சிருந்தும் ஏன் மாமா இத்தன வருஷமா டெஸ்டுக்கு வரல?”

மாமா தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “காது கேக்காதவன்னா தெரியாத மாதிரி இருந்துக்கலாம். கேட்டுடுச்சுன்னு ஆயிட்டா பதில் சொல்லியாகணும். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நீ அன்னைக்கே கடைய விட்டுப் போயிருப்ப. உனக்குத்தான் ரோஷம் மூக்கு மேல உக்காந்திருக்கே. அப்புறம் உங்கக்கா அழுவா. அவளுக்கு நம்ம ரெண்டு பேர விட்டா யாரு இருக்கா?”

நான் அவர் காலில் விழுந்திருக்க வேண்டும். குறைந்தபட்சம் ஒரு வார்த்தையாவது சொல்லியிருக்க வேண்டும். மணிக்கணக்காக அளக்கிற என் வாய்க்கு அந்த ஒரு வார்த்தை வரவில்லை. அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு அவருக்குப் பின்னால் நடந்தேன். பஸ்ஸில், வீட்டில், மறுநாள் காலையில் கடையைப் பெருக்கும்போது என்று எத்தனையோ முறை சொல்லப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு வேலை வந்து குறுக்கே நின்றது, அல்லது நானே ஒரு வேலையைக் கூப்பிட்டு நிறுத்தினேன்.

அன்று பத்து மணி சுமாருக்கு லாரி டிரைவர் ஒருவர் வந்தார். எங்களுக்குப் பழக்கமானவர். வண்டி எடுத்தால் ஒன்றரை மாதம் கழித்துத்தான் தலையைக் காட்டுவார். நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. நேராக என் நாற்காலியில் வந்து சாய்ந்தார். பெஞ்சில் இரண்டு பேர் இருந்தார்கள். மாமா பக்கத்து நாற்காலியில் ஒரு காலேஜ் பையனுக்குக் காதோரம் சரிசெய்துகொண்டிருந்தார். அவர் காதுகளில் மிஷின் இருந்தது டிரைவரின் கண்ணில் படவில்லை.

நான் துணியைக் கழுத்தில் கட்டி முடிப்பதற்குள் டிரைவர் எப்போதும் போலச் சத்தமாக, “என்னப்பா, டமாரம் இன்னைக்குக் கொஞ்சம் தெளிவா இருக்காப்ல தெரியுது?” என்றார்.

பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பேப்பரை இறக்கினார். நான் பழக்கத்தில் கண்ணாடியைப் பார்த்தேன். மாமா கண்ணாடியைப் பார்க்கவில்லை. தன் கைக்குக் கீழே இருந்த தலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார், கத்தரி ஓடிக்கொண்டிருந்தது. அவர் பார்க்காததால் கேட்கவில்லை என்று சொல்லிக்கொள்ள எனக்கு இனி வழியில்லை. டிரைவரின் தோளில் ஒரு தட்டு தட்டி, கண் ஜாடை காட்டிப் பேச்சை மாற்றியிருக்கலாம். அதற்கும் மனம் வரவில்லை.

சீப்பைக் கீழே வைத்தேன். “அந்தப் பேர வச்சது நான்தான்” என்றேன். “மத்தவங்க யாரும் இல்ல. என் அக்கா புருஷன், எனக்குப் பக்கத்துல நின்னு என்னக் காப்பாத்தினவரு, அவருக்குத்தான் வச்சேன். வச்சது தப்பு. பண்ணுனது எல்லாமே தப்பு. இனிமே இந்தக் கடையில அந்தப் பேர யாரும் சொல்லக் கூடாது. எங்க மாமாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டுக்கறேன்.”

நான் கத்தியிருக்கிறேன் என்பது பேசி முடித்த பிறகுதான் தெரிந்தது. வருடக்கணக்காக அவரிடம் பேசியே பழகிய குரல் அது. தெருவில் போன ஒருவர் நின்று உள்ளே எட்டிப் பார்த்தார். டிரைவர் கண்ணை விரித்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பக்கத்தில் கத்தரிச் சத்தம் நின்றிருந்தது.

“மாப்ளே” என்றார் மாமா, திரும்பாமலே. “மெதுவாச் சொல்லு. எனக்குக் கேக்குது.”